குற்றாலத்தில் மாடசாமிக்குக் கொடுத்த சம்மன்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு இன்னும் அவமானம். சம்மன் கொடுக்கப் போன இடத்தில், யாருக்குச் சம்மனோ அந்த ஆளிடமே தலையைக் கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டவன் நான். தேய்த்து முடிந்ததும் சம்மனை நீட்டினேன், பெருவிரல் ரேகை வாங்கினேன், ஓடையில் குளித்தேன், நல்ல பசியோடு தென்காசிக்கு நடந்து வந்தேன். அந்த ஆள் செத்து அஞ்சு மாதம் ஆகியிருந்தது என்ற விவரம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இதை இத்தனை வருஷம் கழித்து எழுதக் காரணம், இப்போது கோர்ட்டில் சேவகம் பார்க்கிறவர்கள்தான். பென்ஷன் வாங்கப் போகிற நாளில் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணாச்சி, இப்பம்லாம் ஹைகோர்ட்டு ரிட் போட்டு கலெக்டரையே நிக்க வைக்குது. உங்க காலத்துல மேல்கோர்ட்டுக்கு இம்புட்டு அதிகாரம் உண்டா?" என்பார்கள். இருந்தது, அப்பா. கலெக்டரை நிறுத்தியதோ என்னவோ, எங்கள் முன்சீப்பை நிறுத்தியது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் தென்காசியில் சம்மன் சேவகனாகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: முதல் வருஷம் நாய்கள் கற்றுக்கொடுத்தன, இரண்டாம் வருஷம் நாசர் கற்றுக்கொடுத்தார். நாசர் என்றால் சேவகர்களுக்கும் ஜப்தி செய்கிற அமீனாக்களுக்கும் மேலதிகாரி. அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. "ஏலே, சம்மன ஆளு கையில குடுக்கதுக்கு முன்னால, இவன்தான் அவன்னு ஊர்ல ஒரு பெரிய மனுஷன் காட்டித் தரணும். அவரு பேர பின்பக்கத்துல எழுதணும். அது இல்லாத சம்மன் வெறும் காயிதம்." நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு எப்போதும் நல்ல பெயர்.

மேல்கோர்ட்டுக் காகிதத்துக்கு என்ன பலம் என்று நான் முதலில் கண்டது வாசுதேவநல்லூரில். ஒரு வீட்டைக் காலிசெய்து சுவாதீனம் கொடுக்க அமீனாவோடு போயிருந்தேன். பெட்டி, உரல், அண்டா எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. கடைசியாக நெல் குதிர் ஒன்றை நாலு பேர் தூக்கி வாசற்படியில் பாதி வந்தபோது, சைக்கிளில் ஒருவன் தடை உத்தரவைக் கொண்டுவந்து நீட்டினான். அமீனா படித்துப் பார்த்தார். தூக்கினவர்கள் அப்படியே நின்றார்கள். "உள்ள கொண்டு போங்கடே" என்றார். குதிர் திரும்பி நடந்தது. எடுத்த சாமான் எல்லாம் எடுத்த இடத்திலேயே வைக்கப்பட்டன. வீட்டுக்கார அம்மாள் கூடவே நின்று, "அந்த அகப்பை ஆணியிலல்லா தொங்குச்சு, கீழ வைக்கிய?" என்று என்னை அதட்டி, அகப்பையையும் ஆணியில் மாட்ட வைத்தாள். தூரத்தில் யாரோ போட்ட ஒரு கையெழுத்து, தெருவில் கிடந்த அகப்பையை ஆணிக்கு ஏற்றுகிறது. அன்றைக்கு எனக்கு லேசாகப் புல்லரித்தது.

இனி எங்கள் முன்சீப்பைப் பற்றி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி. சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் கோர்ட்டு எல்லைக்குள் இல்லை. மேல்கோர்ட்டிலிருந்து உறை வந்தால் அவர் செய்யும் முறை ஒன்று உண்டு. தபாலைக் குமாஸ்தா உடைக்கக்கூடாது. அவரே கூஜாத் தண்ணீரில் விரல்களை நனைத்துத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று, காகிதக் கத்தியால் உறையை ஓரமாகக் கீறுவார். நின்றபடியே இரண்டு முறை படிப்பார். பிறகு ஓரத்தில் தேதியும் மணியும் எழுதிச் சுருக்கொப்பம் போட்டு, உட்காருவார். தம் தீர்ப்பையே புரட்டிப் போட்ட உத்தரவானாலும் முகத்தில் ஒரு ரோமம் அசையாது. நாசர் ஒருதடவை மெதுவாக, "மேல சொன்னது கொஞ்சம் அநியாயம்தான், எஜமான்" என்று ஆறுதல் சொல்லப் போனார். முன்சீப் அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தோடு ஆறு மாதம் நாசர் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

அப்படி ஓர் ஆடி மாதத்து உறையில்தான் பேச்சியம்மாளின் வழக்கு திரும்பி வந்தது.

பேச்சியம்மாள் மேலகரத்துக்காரி. அவள் அக்காள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், பிள்ளையில்லாத அந்த மனிதரைப் பதினொரு வருஷம் பார்த்தவள் அவள். அவர் தாம் இருந்த ஓட்டு வீட்டை அவளுக்கு உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்தார். அவருடைய அண்ணன் மகன், உயிலே பொய் என்று வழக்குப் போட்டான். உயிலில் சாட்சி இரண்டு பேர். ஒருவர் முன்னமே காலமாகிவிட்டார். மற்றவன் மாடசாமி, எழுதத் தெரியாதவன், பெருவிரல் ரேகை வைத்திருந்தான். அவனைப் பேச்சியம்மாளால் கோர்ட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை. சாட்சி வராததால் உயில் நிற்காது என்று முந்தைய முன்சீப் தீர்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் அப்பீல் செய்தாள்.

மேல்கோர்ட்டு அப்பீலைத் தள்ளவுமில்லை, கொள்ளவுமில்லை. எங்கள் முன்சீப்புக்கு உத்தரவு போட்டது: 'உயிலில் இரண்டாம் சாட்சியின் இடத்தில் உள்ள ரேகை மாடசாமியுடையதா? மாடசாமிக்குச் சம்மன் அனுப்பு, விசாரணை செய், இந்த ஒரு கேள்விக்குப் பதிலை இரண்டு மாதத்துக்குள் எழுதி அனுப்பு. அதுவரை அப்பீல் இங்கே காத்திருக்கும்.' கீழ்க்கோர்ட்டுக்கு இதில் முடியும், முடியாது என்ற பேச்சே கிடையாது. கேட்ட கேள்விக்குப் பதில் போயாக வேண்டும்.

சம்மன் என் கைக்கு வந்தது. விலாசம்: மாடசாமி, சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவன். மற்ற மாதங்களில் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியவில்லை.

புறப்படும்போது வராந்தாவில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, அவன எப்படியாச்சும் பாத்துக் குடுத்துரு. அவன் விரலு இல்லேன்னா என் அடுப்பு தெருவுலதான். அண்ணன் மவன் நேத்தே வந்து, எந்த அடுப்பு, எந்தப் பானைன்னு எண்ணிட்டுப் போறான்."

"கவலைப்படாதீங்க ஆச்சி. நான் சம்மன் குடுக்கப் போயி ஆளு தப்பினது கிடையாது" என்றேன். ஆள் பலமுறை தப்பியிருக்கிறான். ஆனால் அன்றைக்கு வாய் அப்படி வந்தது.

குற்றாலத்தில் அன்று சாரல் இல்லை, மழையே பெய்தது. காலை பதினோரு மணிக்குச் சாயங்கால வெளிச்சம். பேரருவி இரண்டு நாளாக வெள்ளம் கொண்டு, நடுப்பாறையில் உள்ள பொங்குமாங்கடல் என்ற குழியைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்ததால் குளிக்கிறவர்கள் ஒருவருமில்லை. கடைகளில் படுதாவை இறக்கிவிட்டார்கள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் வழக்கமாக உட்காரும் கல் மண்டபம் காலி. மலையும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. வெள்ளையாக ஓர் இரைச்சல் மட்டும் தெரிந்தது.

மண்டபத்துக்கு அப்பால், பாறை கூரைபோல் நீண்டிருந்த இடத்தில் ஒருவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு குந்தியிருந்தான். நான் வாயில் கைகுவித்து, "இங்கன மாடசாமின்னு யாரு?" என்று கத்தினேன்.

"நாந்தான். தலைக்கா, மேலுக்கா?" என்றான்.

இங்கேதான் என் மடத்தனம் ஆரம்பிக்கிறது. பையில் சம்மன். எதிரே சாட்சி. அடையாளம் காட்ட ஒரு ஈ காக்கை இல்லை. நான் செய்திருக்க வேண்டியது, கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெரிய மனிதரை இழுத்து வருவது. நான் செய்தது, சட்டையைக் கழற்றியது. மூன்று நாளாகக் கழுத்துப் பிடிப்பு எனக்கு. "தலைக்குத்தான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சர்க்கார் வேலை எங்கே போய்விடும்?

நல்ல கை. கழுத்து நரம்பைப் பிடித்துவிட்டதில் எனக்குக் கண் சொருகியது. நிமிர்ந்து பார்த்தபோது அவன் வலது காதில் சிவப்புக் கல் கடுக்கன் மின்னியது. இடது காது வெறும் துளை.

"ஒத்தக் கடுக்கன்தானா அண்ணாச்சி? இன்னொண்ணு எங்க, ஆத்தோட போயிட்டா?" என்று கிண்டல் பண்ணினேன்.

"வீட்டுக்காரி கழட்டி வச்சிருக்கா."

"ரெண்டையும் கழட்டிருக்கலாம்லா?"

"ஒண்ணு போதும்னுட்டா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தேய்த்து முடிந்ததும் சம்மனை எடுத்து விவரம் சொன்னேன். மேலகரத்துப் பெரியவர், பேச்சியம்மாள், உயில் என்றதும் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

"அவருக்கு மேலுக்கு எண்ணெய் போடப் போவேன். அன்னைக்கும் போயிருந்தேன். கூப்பிட்டு விரலு வைக்கச் சொன்னாரு, வச்சேன். இப்ப யாரு கேக்கா?"

"மேல்கோர்ட்டு கேக்குது. நீரு வந்து சொல்லணும்."

எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தான். "வாரதுக்கு எனக்கு ஏலாது. விரலு வேணும்னா வச்சுத் தாரேன்" என்றான்.

மை டப்பாவைத் திறந்தால் உள்ளே தண்ணீர். அவன் என்னிடம் கேட்கவில்லை. எண்ணெய்ப் பெருவிரலை அப்படியே சம்மனின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தி எடுத்துவிட்டான். நான் பக்கத்தில், அடையாளம் காட்டியவர் பெயர் என்ற இடத்தில், பென்சிலால் 'ஆளை எனக்கே தெரியும்' என்று எழுதிக்கொண்டேன். வேலை முடிந்தது. பழைய குற்றாலம் பக்கம் போய், வெள்ளம் குறைந்த ஒரு சிற்றோடையில் குளித்துவிட்டு வந்தேன்.

விசாரணை நாள் வந்தது. டவாலி, அதாவது கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவன், வெளியே போனான். மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். "மாடசாமி!" வெளியே பெருங்கூட்டம், பதில் இல்லை. "மாடசாமி!" கூட்டம் பேச்சை நிறுத்தியது. மூன்றாம் முறை அவன் கூப்பிட்டபோது, கோர்ட்டுப் புளியமரத்துக் காக்கைகள்கூட வாயடைத்த மாதிரி இருந்தது. யாரும் வரவில்லை. பேச்சியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வாதியின், அதாவது அண்ணன் மகனின், வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் கல்யாணக் களை. "இந்த மாடசாமி இனி வரமாட்டான். சென்ற மாசியிலேயே புளியரையில் காய்ச்சலில் இறந்துவிட்டான்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். புளியரை செங்கோட்டைக்கு அப்பால். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். அங்கே செத்தவன் செய்தி இங்கே வராது. வாதிக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது. கடைசி நாள்வரை பேசாமல் வைத்திருந்து, பேச்சியம்மாளின் அடுப்பை ஒரே தூக்காகத் தூக்குவதற்கு இருந்திருக்கிறான். மாடசாமியின் மனைவியையே சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தான்.

முன்சீப் மரணப் பதிவைப் படித்தார். சம்மனின் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி, நான் நின்ற மூலையைப் பார்த்தார்.

எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிவிட்ட நான் அன்றைக்குத்தான் அதில் ஏறினேன். பிரமாணம் செய்தபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"சம்மனை யாரிடம் கொடுத்தாய்?"

"மாடசாமிகிட்ட, எஜமான்."

"அவன் மாடசாமி என்று எப்படித் தெரியும்?"

"அவரே சொன்னாரு, எஜமான்."

பின்னால் சிரித்தார்கள்.

"'ஆளை எனக்கே தெரியும்' என்று எழுதியிருக்கிறாயே. முன்பே தெரியுமா?"

"தெரியாது, எஜமான்."

"சம்மன் கொடுத்தபோது அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று குறுக்கே கேட்டார் வக்கீல்.

"என் தலையில எண்ணெய் தேய்ச்சு முடிச்சிருந்தாரு."

இந்தமுறை வக்கீல்களும் சிரித்தார்கள். "எந்த இடத்தில்? அவன் என்ன பேசினான்? எல்லாம் கேட்டதா?" என்று அவர் விடாமல் பிடித்தார். பேரருவிக்குக் கீழே, பாறை ஓரம், மெதுவாகத்தான் பேசினார், ஒவ்வொரு சொல்லும் கேட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் நின்றுவிட்டேன். பேரருவி வெள்ளம் கொண்டிருக்கும்போது அதன் அடியில் பக்கத்தில் இருப்பவன் காதுக்குள் கத்தினால்கூடக் கேட்காது. நான் கத்தினேன். அவன் கத்தவே இல்லை. அதை அந்தக் கூண்டில் நின்றபோதுதான் நினைத்தேன். பிடிப்பு விட்டிருந்த கழுத்து மறுபடி இறுகியது.

முன்சீப் மாடசாமியின் மனைவியைக் கூப்பிட்டார். சின்ன உருவம். வாதி கூட்டிவந்தானே தவிர, அவனை அதற்கு முன் தெரியாது, பேச்சியம்மாளையும் தெரியாது. "ஆளு மரிச்சது மாசியில. நாந்தான் கூட இருந்தேன். குழி வெட்டி அடக்கினோம்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இவரு பாத்தேன்னு சொல்லுதாரே, காதுல என்ன கிடந்துதாம்?" என்று கேட்டாள்.

"வலது காதுல செவப்புக் கடுக்கன். இடது காதுல ஒண்ணுமில்ல" என்றேன்.

வக்கீல் அவசரமாக, "உன் புருஷன் ஒற்றைக் கடுக்கன்தான் போடுவானா? சொல்லும்மா!" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கல் கடுக்கன்.

"உசிரோட இருந்தவரைக்கும் ரெண்டு காதுலயும் கிடந்துது. அடக்குததுக்கு முன்னால எடதுகாதுல உள்ளத மட்டும் நான் கழட்டி வச்சுக்கிட்டேன். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்குன்னு" என்றாள். அப்புறம் கூண்டுப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேலே பங்கா விசிறி மட்டும் கிரீச்சிட்டு ஆடியது.

முன்சீப் எழுந்தார். காகிதக் கட்டை அவிழ்த்து உயிலை எடுக்கச் சொன்னார். சம்மனையும் உயிலையும் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். மையில்லாத ரேகை, சாதாரணமாகப் பார்த்தால் வெறும் கறை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது காகிதம் அந்த இடத்தில் கண்ணாடிபோல் ஆகி, கோடுகள் எல்லாம் தெளிவாக எழுந்தன. நடுவில் சாய்வாக ஒரு பழைய வெட்டுத் தழும்பு. உயிலிலும் அதே இடத்தில், அதே சாய்வில் அந்தத் தழும்பு. பூதக்கண்ணாடியை வக்கீல்களிடம் கொடுத்தார். இரண்டு பேரும் பார்த்தார்கள். பேச்சியம்மாளின் வக்கீலுக்குச் சந்தோஷப்படவே பயமாக இருந்தது. வாதியின் வக்கீல் மட்டும், "செத்தவன் வைத்த ரேகையை எப்படி எடுத்துக்கொள்வது?" என்று இழுத்தார்.

"இரண்டும் ஒரே விரலா, இல்லையா? அதைச் சொல்லும்" என்றார் முன்சீப்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மேல்கோர்ட்டுக்குப் போன பதிலை நாசர் ரகசியமாகக் காட்டினார். ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டு ரேகையும் ஒரே விரலுடையவை. சம்மன் வாங்கினவனின் அடையாளத்தைச் சேவகன் பிரமாணத்தில் சொல்கிறான். இரு கட்சிக்கும் உறவில்லாத மாடசாமியின் மனைவி அதைத் தன் புருஷனுடைய அடையாளமாக ஒப்புக்கொள்கிறாள். ஆகவே, உயிலில் உள்ளது மாடசாமியின் ரேகை. அவ்வளவுதான். மரணப் பதிவு இணைக்கப்பட்டிருந்தது, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேல்கோர்ட்டு அப்பீலைப் பேச்சியம்மாளுக்குச் சாதகமாகத் தீர்த்தது. அவள் அந்த வீட்டிலேயே கடைசிவரை இருந்தாள். வழியில் என்னைப் பார்த்தால் கும்பிடுவாள், ஆனால் பக்கத்தில் வரமாட்டாள்.

என்னையும் முன்சீப் விடவில்லை. அடையாளம் காட்டுபவர் இல்லாமல் சம்மன் கொடுத்ததற்காக, ஒரு வருஷம் ஆலங்குளம் பக்கத்துச் சம்மன்கள் முழுதும் எனக்கு. வெயில், முள், செம்மண். ஒருவகையில் நிம்மதி. அந்தப் பக்கத்தில் அருவி கிடையாது. எண்ணெய் மட்டும் அதற்குப் பிறகு நானே தேய்த்துக்கொள்கிறேன், கை எட்டுகிற இடம்வரை.

அடுத்த வருஷம் முன்சீப்புக்கு மாற்றல் வந்தது. தென்காசி ஸ்டேஷனில் அவருடைய டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்தவன் நான். மற்றவர்கள் மாலை போட்டு, கும்பிட்டு, விலகிப் போனார்கள். வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருந்தது. ஜன்னலருகே தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றதை இனி கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

"எஜமான், தப்பா நினைக்கக்கூடாது. அன்னைக்கு என் தலையில கை வச்சது யாரு, எஜமான்?"

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"அது மேல்கோர்ட்டு என்னைக் கேட்ட கேள்வி இல்லை."